நான்கு மணிக் கோப்பியும் ரஞ்சி அன்ரியின் கணிதமும்

கோப்பித் தட்டை மேசையில் வைத்த பிறகும் ரஞ்சி அன்ரி போகவில்லை.

வழமையாக வைப்பார், "ஆற முந்திக் குடியுங்கோ பிள்ளையள்" என்பார், திரும்பிக் குசினிக்குப் போய்விடுவார். அன்றைக்கு நின்றார். கமக்கட்டுக்குள் எதையோ இடுக்கி வைத்திருந்தார். வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு கதிரையொன்றை இழுத்து எங்களோடு உட்கார்ந்து, இடுக்கி வைத்திருந்ததை மேசையில் போட்டார்.

பத்தாம் தரக் கணிதப் புத்தகம்.

"பிள்ளையள், ஒண்டு கேக்கிறன், சிரிக்கக் கூடாது. இந்த எக்ஸ் எண்டவர் ஆர்?"

நிரோஜாவுக்கு வாயிலிருந்த கோப்பி மூக்கால் வந்தது. அவள் இருமி முடிக்கும்வரை மேனகா அவளுடைய முதுகில் அடித்துக்கொண்டிருந்தாள். நான் சிரிப்பை அடக்கக் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். வறுத்த மல்லியும் கோப்பியும் கலந்த அந்தச் சூடு கண்ணில் அடித்தது இன்றைக்கும் நினைவிருக்கிறது.

"நான் சொன்னனான்தானே, சிரிக்கக் கூடாதெண்டு" என்றார் அன்ரி. சொல்லிவிட்டுத் தானும் சிரித்தார்.

மின்சாரம் இல்லாத பின்னேரம் அது. அந்த வருடம் பல பின்னேரங்கள் அப்படித்தான்.

மூன்று பேரும் மூன்று கட்சியும்

போன கிழமை இந்தப் பக்கத்தில் நான் எழுதிய பஸ் பயணக் கதையைப் படித்துவிட்டு நிரோஜா தொலைபேசி எடுத்தாள். "பஸ்ஸைப் பற்றி எழுதிறாய், சுகி. எங்களைப் படிக்க வைச்ச கோப்பியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையே" என்று சண்டை பிடித்தாள். எங்களைப் படிக்க வைத்தது கோப்பிதானா என்பதில் எனக்கும் அவளுக்கும் இன்னும் வழக்கு முடியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே முடிவு செய்யுங்கள்.

அப்போது நாங்கள் மூன்று பேரும் வவுனியாவில் கணிதமும் கணினியும் சேர்ந்த ஒரு பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தோம். விடுதியில் இடம் கிடைக்கவில்லை. ஓமந்தையில், பெரிய வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே, ரஞ்சி அன்ரி வீட்டின் பின்பக்க அறையில் வாடகைக்கு இருந்தோம். அன்ரி முன்பள்ளி ஆசிரியை. அவருடைய கணவர் சிவம் அங்கிளுக்கு வீதியோரம் காற்றுப் போன ரயர் ஒட்டும் கடை. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நாங்கள் போட்ட சத்தத்தை அவர்கள் ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை.

நிரோஜா முல்லைத்தீவுக்காரி. தகப்பன் கடலுக்குப் போகிறவர். விடியப்புறம் கரைக்கு வருகிறவர்களுக்குக் கோப்பி ஊற்றிக் கொடுத்து வளர்ந்தவள் என்பதால், கோப்பி இல்லாமல் சூரியன் எழும்பாது என்பது அவளுடைய நம்பிக்கை.

மேனகா கிளிநொச்சிப் பக்கம். அவளுடைய தாத்தா மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து கலவரத்துக்குத் தப்பி வந்து, வன்னியில் காடு வெட்டிக் குடியேறியவர். மேனகா கோப்பியைத் தொடமாட்டாள். அவளுக்குப் பால் விடாத தேயிலைச் சாயம்தான், அதுவும் காலையில் மட்டும். ஒன்பது மணிக்குப் படுத்தால் இடி விழுந்தாலும் எழும்ப மாட்டாள். எங்கள் மூவரில் அதிக புள்ளி எடுத்தவளும் அவள்தான். அதற்காகவே நிரோஜா அவளோடு அடிக்கடி கோபிப்பாள்.

நான் விசுவமடு. இரண்டுக்கும் நடுவில். யார் பக்கத்தில் இருந்தாலும் அவர்கள் குடிப்பதைக் குடிக்கிறவள்.

"கோப்பி குடிச்சிட்டு வாறம்"

எங்கள் வளாகத்தில் இந்த வாக்கியத்துக்குத் தனிப் பொருள் உண்டு. இதைச் சொல்லிவிட்டுக் கன்ரீனுக்குப் போனவர்கள் அந்த விரிவுரைக்குத் திரும்பமாட்டார்கள். அடுத்த விரிவுரைக்கு வந்தால் அதிர்ஷ்டம்.

கன்ரீனில் கோப்பியைப் பற்றி ஆளுக்கொரு தத்துவம். பால் விட்டால் நித்திரை வரும், விடாவிட்டால் மூளை வேலை செய்யும் என்பான் ஒருவன். கோப்பிக்குள் சோடா கலந்து குடித்த ஒருத்தன் சோதனை மண்டபத்தில் விக்கல் எடுத்தபடியே இருந்தான். பொடியைச் சீனியோடு சேர்த்து வெறும் வாயில் அள்ளிப் போடுகிறவர்களும் இருந்தார்கள். படித்ததைப் பற்றிக் கேட்டால் மட்டும் எல்லாரும் ஒரே மாதிரி, "இனித்தான் மச்சான் தொடங்க வேணும்" என்பார்கள்.

முதலாம் வருடத்தில் நான் நிரோஜாவின் கட்சியில் இருந்தேன். பக்கற்றில் வரும் கோப்பியைக் கோப்பை மேல் கோப்பையாகக் கரைத்துக் குடித்தேன். நித்திரை உண்மையாகவே ஓடியது. ஆனால் அதோடு வேறெதுவோவும் ஓடிப்போனது. கண் விரியத் திறந்திருக்கும், புத்தகம் முன்னால் இருக்கும், ஒரே பக்கத்தை மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருப்பேன். கால் தானாக ஆடும். நெஞ்சு, யாரோ கதவைத் தட்டுவதுபோல அடிக்கும்.

அந்தத் தவணைத் தேர்வு விடியற்காலையிலும் அப்படித்தான் குடித்துவிட்டுப் போனேன். முதல் கேள்வியின் விடையைப் பறக்கிற வேகத்தில் எழுதினேன். எழுதி முடித்துவிட்டுப் பார்த்தால் எழுத்து எனக்கே விளங்கவில்லை. விரிவுரையாளருக்கு எப்படி விளங்கும்? தாளைத் திருப்பித் தந்தபோது அவர், "மழைக்க நிண்டு எழுதினீரோ?" என்று கேட்டார். பின்வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அறைக்கு வந்துதான் அழுதேன்.

பால்மா காணாமல் போன வருடம்

அதற்குப் பிறகுதான் அந்த வருடம் வந்தது. நாட்டில் டொலர் தீர்ந்துபோய், கடையில் பால்மா இல்லை. காஸ் இல்லை. டீசல் இல்லாததால் பஸ்சும் நினைத்த நேரத்துக்குத்தான் வரும். பின்னேரமானால் கரண்ட் போய்விடும். பக்கற் கோப்பி எங்கள் வாழ்க்கையிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் மறைந்தது.

நிரோஜா மூன்று நாள் தலையில் துணி கட்டிக்கொண்டு படுத்திருந்தாள். "எனக்குத் தலைக்குள்ள ஏதோ பெரிய வருத்தம். அப்பாவுக்குச் சொல்லுங்கோ" என்று முனகினாள்.

"ஒனக்கு வருத்தமும் இல்ல, ஒண்ணும் இல்ல. கோப்பி இல்லாத தலையிடி" என்றாள் மேனகா.

"நீ பேசாத. உன்ர ஆக்கள் தேயிலையை நட்டு என்ர கோப்பியை அழிச்ச ஆக்கள்."

மேனகா சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அடியே, எங்க ஆக்கள இந்த நாட்டுக்குக் கூட்டிட்டு வந்ததே கோப்பித் தோட்டத்துக்குத்தான். கோப்பி செத்த பொறகுதான் தேயில. எங்க அம்மா சொல்லும், கோப்பிய நம்பிக் கப்பலேறுன பரம்பரையில ஒருத்தருக்கும் ஒரு வாய் கோப்பி கெடைக்கலன்னு. அதான் நானும் குடிக்கிறதில்ல."

நிரோஜா துணியை விலக்கி அவளைப் பார்த்தாள். பிறகு துணியை இழுத்து முகத்தை மறுபடி மூடிக்கொண்டாள்.

ரஞ்சி அன்ரி இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அடுத்த நாள் குசினியிலிருந்து வாசம் வந்தது. பச்சைக் கோப்பிக் கொட்டையை விறகடுப்பில் இரும்புச் சட்டி வைத்து வறுத்தார். மல்லியைத் தனியாக வறுத்துச் சேர்த்தார். உரலில் இடித்தார். அன்று நான்கு மணிக்கு, தட்டில் கோப்பை வைத்துக்கொண்டு முதல்தடவையாக எங்கள் அறைக்கு வந்தார். பால் இல்லை. பனங்கட்டி ஒரு துண்டு, கடித்துக்கொண்டு குடிக்க.

ஒரு நாளைக்கு ஒரு கோப்பைதான். அதற்கு மேல் கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை.

எக்ஸ் எண்டவர்

அப்படி ஒரு கிழமை போன பிறகுதான் அந்தக் கணிதப் புத்தகம் வந்தது.

அன்ரி பதினாறு வயதில் சாதாரண தரச் சோதனை எழுத வேண்டிய வருடம், யாழ்ப்பாணத்தில் போருக்குப் பயந்து ஊரே எழும்பி நடந்த வருடம். புத்தகப் பையை விட்டுவிட்டு, தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார். பிறகு வன்னியில் மரத்தடிப் பள்ளிக்கூடமொன்றில் மற்றப் பாடங்களை எழுதித் தேறினார். கணிதம் மட்டும் போய்விட்டது. அதற்குப் பிறகு போர், இடப்பெயர்வு, கலியாணம். கணிதத்தை யாரும் கேட்கவில்லை.

இப்போது கேட்டார்கள். முன்பள்ளி ஆசிரியைகளுக்கு ஒரு டிப்ளோமா வகுப்பு வருகிறது, அதில் சேரச் சாதாரண தரக் கணிதம் வேண்டும், டிப்ளோமா உள்ளவர்களுக்குத்தான் இனி நிரந்தர வேலை என்று சொல்லிவிட்டார்கள். அன்ரி தனிப்பட்ட பரீட்சார்த்தியாக விண்ணப்பம் போட்டுவிட்டார். சோதனைக்குச் சில மாதங்கள்தான் இருந்தன.

"அங்கிளுக்குத் தெரியுமோ?" என்று கேட்டேன்.

"ஐயோ, வேண்டாம். அவருக்குச் சொன்னால் ரயர் ஒட்ட வாற ஆக்களுக்கெல்லாம் பெருமையாச் சொல்லிப்போடுவார். பிறகு நான் கோட்டை விட்டால் வீதியால போகேலாது."

முதலில் நிரோஜாதான் படிப்பிக்க முன்வந்தாள். "அன்ரி, எக்ஸ் எண்டால் தெரியாத ஆள். அவ்வளவுதான்."

"தெரியாத ஆளை ஏன் பிள்ளை கூட்டிக் கழிக்கிறியள்?"

அரை மணித்தியாலத்தில் நிரோஜா கையை விரித்துவிட்டாள். அன்ரியிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. ஒன்றைச் சரியாக எழுதிவிட்டு, பிழையோ என்று பயந்து அழித்துவிடுவார். திரும்ப எழுதுவார். திரும்ப அழிப்பார். தாள் கிழிந்துவிடும்.

அப்போது, அதுவரை ஒரு மூலையில் தன் பாட்டில் இருந்த மேனகா எழும்பிக் குசினிக்குப் போனாள். ஒரு கை கோப்பிக் கொட்டையும் இரண்டு வெறும் கோப்பையும் கொண்டுவந்தாள். எங்களை மறுபக்கம் திரும்பச் சொல்லிவிட்டு, கொட்டைகளை உள்ளே வைத்துக் கோப்பைகளைக் கவிழ்த்தாள். பக்கத்தில் மூன்று கொட்டையை வெளியே போட்டாள்.

"அன்ரி, ரெண்டு கோப்பைக்குள்ளயும் ஒரே அளவு கொட்ட இருக்கு. வெளிய மூணு. எல்லாம் சேத்துப் பதினொண்ணு. ஒரு கோப்பைக்குள்ள எத்தன?"

அன்ரி வெளியே இருந்த மூன்றை விரலால் ஒதுக்கினார். "எட்டு மிச்சம். ரெண்டு கோப்பை. நாலு."

மேனகா கோப்பையைத் தூக்கினாள். நான்கு கொட்டை.

"இந்தக் கோப்பைதான் எக்ஸ்."

அன்ரி மற்றக் கோப்பையைத் தானே தூக்கிப் பார்த்தார், அதிலும் நான்கு. பிறகு மேசையில் ஒரு அடி அடித்தார். "அடி கோதாரி! இதை நான் ஒவ்வொரு நாளும் சின்னனுகளுக்குப் புளியங்கொட்டையில செய்யிறனான்! உதுக்கோ இவ்வளவு பெரிய பேர் வைச்சவங்கள்?"

ஒரு கோப்பைக்கு ஒரு பாடம்

அதற்குப் பிறகு நான்கு மணிப் பாடம் எங்கள் வீட்டில் நிலைத்துவிட்டது. கோப்பி வரும். குடிக்கும்வரை கதை. கோப்பை வெறுமையானதும் அன்ரிக்கு ஒரு பாடம். மேனகா எக்ஸ் வரும் அட்சரகணிதம், நான் முக்கோணமும் வட்டமும் வரும் கேத்திரகணிதம், நிரோஜா வட்டிக் கணக்கு. கடன்பட்டு வலை வாங்கும் கடற்கரையில் வளர்ந்தவளுக்கு வட்டி தண்ணீர் பட்ட பாடு. பாடம் முடிந்ததும் அன்ரி இரவுச் சமையலுக்குப் போய்விடுவார். இருட்டும்வரை நாங்கள் எங்களுடைய புத்தகத்தைப் பார்ப்போம். இருட்டினால் கரண்ட் இல்லை, படுக்கைதான்.

எங்கள் புள்ளிகள் ஏறின. மூவருக்கும். நிரோஜாவுக்கே நம்ப முடியவில்லை.

கோப்பி குறைந்ததாலா, நித்திரை கூடியதாலா, இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுத்ததால் எங்களுக்கே விளங்கத் தொடங்கியதாலா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். முதலாம் வருடத்தில் கோப்பி என்னை விழித்திருக்க வைத்தது. அந்த வருடத்தில் அது என்னை ஒரு மேசையில் இருக்க வைத்தது.

மேனகாவின் அம்மா ஒருநாள் மகளைப் பார்க்க வந்தார். ஒரு பை நிலக்கடலையும், எங்கோ தேடிப் பிடித்த பால்மாப் பெட்டி ஒன்றும் கொண்டுவந்தார். அன்ரி பால் விட்டு ஊற்றிக் கொடுத்த கோப்பியை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு புள்ள. எங்க பாட்டன் இதுக்குக் கப்பலேறுனதுல தப்பில்ல" என்றார். மேனகா அன்றைக்கு அம்மாவின் கோப்பையிலிருந்து ஒரு வாய் குடித்தாள். முகத்தைச் சுளித்தாள். அதோடு சரி.

சோதனைக் காலை

சோதனை நாள் காலை அன்ரியின் சைக்கிள் ரயருக்குக் காற்று இல்லை. பஸ்சும் இல்லை. சிவம் அங்கிள்தான் ரயரைக் கழற்றி ஒட்டித் தந்தார்.

"காலமை வெள்ளன எங்க போறாய்?" என்று கேட்டார்.

"பள்ளிக்கூடத்துக்கு" என்றார் அன்ரி. உண்மையைத்தான் சொன்னார். அங்கிள் முன்பள்ளி என்று நினைத்துக்கொண்டார்.

நாங்கள் மூவரும் இரண்டு சைக்கிளில் பின்னால் போனோம். நிரோஜா ஒரு சுடுதண்ணிப் போத்தலை அணைத்துப் பிடித்திருந்தாள். தார் மாதிரிக் கோப்பி.

"வேணாம்டி. அவங்களுக்கு ஒரு கோப்பைதான் பழக்கம்" என்றாள் மேனகா.

"சோதனைக்கு மட்டும். தைரியத்துக்கு."

பள்ளிக்கூட வாசலில் அன்ரி திடீரென்று சைக்கிளை நிறுத்திவிட்டார். உள்ளே வெள்ளைச் சீருடையில் பிள்ளைகள் கூட்டமாக நின்றார்கள்.

"என்ன அன்ரி?"

"உதில நிக்கிறதுகளில அரைவாசி என்னட்டப் படிச்சதுகள். மீள்குடியேற்றம் முடிஞ்சு நான் முன்பள்ளி தொடங்கின வருசத்துப் பிள்ளையள். நான் அதுகளுக்கு மூக்குத் துடைச்சு விட்டனான், பிள்ளை. இப்ப அதுகளோட போய் எழுதிறதோ? நான் வீட்ட போறன்."

சைக்கிளைத் திருப்பியே விட்டார். நாங்கள் மூன்று பேரும் கைபிடியைப் பிடித்துக்கொண்டோம். என்ன சொல்லியும் கேட்கவில்லை. பயத்தில் கை எதையாவது தேட, நிரோஜாவின் போத்தலை வாங்கி, மூடியில் ஊற்றி ஊற்றிக் கோப்பியைக் குடித்துக்கொண்டே நின்றார்.

அதற்குள் ஒரு நெடுத்த பெடியன் கண்டுவிட்டான். "ரீச்சர்!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தான். பின்னால் ஏழெட்டுப் பேர். "ரீச்சர், மேற்பார்வைக்கோ வந்தனீங்கள்?"

அன்ரி எங்களைப் பார்த்தார். "ஓம்" என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போக அவருக்கு வழி இருந்தது.

"இல்லையடா அப்பன். நானும் சோதனை எழுதத்தான் வந்தனான். கணக்கு."

அந்தப் பெடியன் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான். "கடவுளே, ரீச்சருக்கும் கணக்கு ஓடாதோ! நான் தனியாளெண்டெல்லோ நினைச்சனான். வாங்கோ ரீச்சர், எங்களோட வாங்கோ."

பிள்ளைகள் அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே கூட்டிப்போனார்கள். தனிப்பட்ட பரீட்சார்த்திகளுக்கு வேறு அறை. அந்த அறை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் அவர்கள் தங்களுடைய மண்டபத்துக்குப் போனார்கள்.

"இருந்து யோசிக்க ஆரால ஏலும்?"

முதல் வினாத்தாள் முடிந்ததும் அன்ரி வெளியே ஓடி வந்தார். எங்களைப் பார்த்தார், நிற்கவில்லை. நேரே கழிப்பறைப் பக்கம் ஓடினார். நிரோஜா போத்தலைத் துப்பட்டாவுக்குள் மறைத்தாள்.

திரும்பி வந்தபோது கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நாசமாப் போக உன்ர கோப்பி! பாதிச் சோதனையில எனக்கு ஒண்டுக்கு முட்டிப்போட்டுது. எழும்பிக் கேக்க வெக்கமாக் கிடந்தது. இருந்து யோசிக்க ஆரால ஏலும்? தெரிஞ்சதை டக்கு டக்கெண்டு எழுதினன். ஒண்டையும் அழிக்க நேரமில்லை."

மேனகா மெதுவாகக் கேட்டாள்: "ஒண்ணையுமே அழிக்கலயா அன்ரி?"

"எங்க அழிக்கிறது? ஓடி வந்திட்டனெல்லோ."

நிரோஜா எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே! இன்றுவரை அவள் வைக்கும் வழக்கின் முக்கிய சாட்சியம் அந்த அழிக்காத தாள்தான்.

பெறுபேறு வர மாதக்கணக்கானது. வந்த அன்று அன்ரி தன் தொலைபேசியைப் பார்க்க மறுத்துவிட்டார். மேனகாதான் அதில் சோதனைச் சுட்டெண்ணை அடித்தாள். திரை சுழன்றுகொண்டே இருந்தது. வந்தது.

"அன்ரி, சி."

"சியோ? அப்ப போச்சோ?"

"போகல அன்ரி. சி. திறமைச் சித்தி, நல்லாவே பாஸ்."

அன்ரி அழவில்லை. குசினிக்குள் போய் அடுப்பை ஊதினார். ஊதியபடியே இருந்தார், அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. பிறகு வெளியே வந்து, சைக்கிளைக்கூட எடுக்காமல், நடந்தே வீதியோரக் கடைக்குப் போனார். நாங்கள் பின்னால் ஓடினோம்.

சிவம் அங்கிள் ஒரு ரயரைத் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கி, குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். அன்ரி முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். விண்ணப்பம், எக்ஸ், பிள்ளைகள், சி.

அங்கிள் ரயரைத் தொட்டிக்குள்ளேயே விட்டுவிட்டார். கையைத் துணியில் துடைத்தார். துடைத்த கையை மறுபடி துடைத்தார். அன்ரியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"இந்த வயதிலயும் எழுத விடுறாங்களோ?" என்று கேட்டார்.

"ஓம் அங்கிள். ஆரும் எழுதலாம்" என்றேன்.

"நான் எட்டாம் வகுப்போட விட்டனான், பிள்ளை. எனக்கு ஒரு பாடமும் இல்லை." குரலைத் தாழ்த்தினார். "எதில இருந்து தொடங்கிறது?"